மூன்றாம் மாடிக்கு வந்த பேண்ட்

பிப்ரவரி 3

மகளின் அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. பிரித்தால் இரண்டு பேண்ட், கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "இடுப்பில் இரண்டு விரல் பிடித்து அனுப்பவும்." அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் உங்கள் மனைவியா, தெருமுனை டெய்லரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் தம்பி ஊரில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூடவா இல்லை?

நீங்கள் கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் "டிரைவர் எங்கே?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல? பிஸ்கட்டுக்காகப் போனார் என்றா? சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, இப்படியே போனால் ஊசிதான் என்று டாக்டர் சொன்ன மறுநாள், உங்கள் டூல் பாக்ஸில் ஸ்பேனருக்கு அடியில் க்ரீம் பிஸ்கட். கேட்டால், "என் வாய்க்குக் காவல் போட நீ யாரு?" என்றீர்கள். காவல் காக்க எனக்கும் தெம்பு இல்லை, எங்கேயாவது போங்கள் என்று நான் சொன்னது உண்மைதான். கோபத்தில் ஆயிரம் சொல்வோம். உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதா?

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம், எதுவானாலும் எழுதித் தொலையுங்கள் என்று மகள் உத்தரவு. அதனால்தான் இந்தக் கடிதம். பேண்டைத் தைத்து அனுப்பியிருக்கிறேன். எப்படி இளைத்தீர்கள் என்று எழுதவும். நடக்கிறீர்களா?

இப்படிக்கு,
தெருமுனை டெய்லர்


பிப்ரவரி 11

தையல்காரம்மாவுக்கு,

பேண்ட் கச்சிதம். இங்கே ஒருவன் இருக்கிறான், அவன் தைத்தால் பின்பக்கம் இழுக்கிறது. உன் கைக்கு ஈடாக வராது. இதைப் பாராட்டு என்று நினைத்துத் தலைகால் புரியாமல் ஆடவேண்டாம்.

எப்படி இளைத்தேன் என்று கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியாயிற்று. காலையில் சர்க்கரை போடாத டீ, மதியம் ஒரு கிண்ணம் சூப்பும் வெள்ளரிக்காயும். முட்டை, மீன், பருப்பு எதையும் தொடுவதில்லை. தம்பி மனைவி என் தட்டைப் பார்த்துவிட்டு, "நாங்க சோறு போடலன்னு ஊரே பேசப்போகுது" என்று அழாக்குறையாகச் சொல்கிறாள். என்னால் வாயைக் கட்ட முடியாது என்று சொன்னாயே, இப்போது என்ன சொல்கிறாய்?

நடை கிடை எல்லாம் எனக்குச் சரிப்படாது. வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவன். நான் தெருவில் நடந்து போனால், பின்னால் என் பஸ்ஸே ஹாரன் அடித்துச் சிரிக்கும். வாயைக் கட்டினால் போதும், காலை ஆட்டவேண்டிய அவசியமில்லை என்பதை நிரூபித்துவிட்டேன்.

இன்னும் இளைத்த பிறகு நேரில் வருகிறேன். பார்த்து அசந்துபோவாய்.

டிரைவர்


மார்ச் 2

மகளின் அப்பாவுக்கு,

இரண்டாவது பார்சலும் வந்தது. இந்தத் தடவை சீட்டில், "இடுப்போடு தொடையும் தொளதொளவென்று ஆடுகிறது, அதையும் பிடி" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

இத்தனை வருடமாகத் தைக்கிறேன். நம் வயதுக்காரர்கள் இடுப்பைப் பிடிக்கக் கொண்டுவந்தால் சந்தோஷமாக இருக்கும். தொடையைப் பிடிக்கக் கொண்டுவந்தால் பயமாக இருக்கும். அடுத்த தடவை அவர்களுக்குப் பதிலாக மகனோ மருமகளோதான் துணியோடு வருவார்கள். அவர்களால் படி ஏறி வர முடியாது.

வெள்ளைக் கோட்டுக்குப் பட்டன் வைக்க வரும் பிசியோதெரபி அம்மாவிடம் உங்கள் சாப்பாட்டைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். வயதானவர்கள் உடம்பை அசைக்காமல் வெறுமனே பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் சேர்ந்து கரைந்துவிடுமாம். சாப்பிட்ட சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பதே அந்தச் சதைதானாம். சாப்பாட்டைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் முட்டை, பருப்பு, மீன் இவற்றை விடக்கூடாது, கையையும் காலையும் வேலை வாங்கவும் வேண்டும், ஒன்றில்லாமல் ஒன்று பாதி வேலைதான் என்றாள்.

ஒரு பரீட்சையும் சொன்னாள். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். எதையும் பிடிக்கக்கூடாது. பார்த்துவிட்டு உண்மையை எழுதுங்கள். நாம் குடியிருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

உங்கள் டூல் பாக்ஸில் இருந்த பிஸ்கட்டை வீணாக்க மனமில்லாமல் நானே தின்று தீர்த்தேன். அந்தப் பாவமும் உங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
கத்தரியைக் கீழே வைத்த டெய்லர்


மார்ச் 12

தையல்காரம்மாவுக்கு,

தின்றாலும் குற்றம், தின்னாவிட்டாலும் குற்றம். உனக்கு என்னதான் வேண்டும்? சர்க்கரை இறங்கிவிட்டது. இங்கே இருக்கிற டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நீ என்னவென்றால் பட்டன் வைக்க வந்தவளிடம் வைத்தியம் கேட்கிறாய்.

நாற்காலிப் பரீட்சை. தம்பி வீட்டு நாற்காலி எல்லாம் தாழ்வு. சோபா குழி விழுந்தது. அவனுடைய ஹார்டுவேர் கடையில் இருப்பது ஸ்டூல், அது நாற்காலியில் சேராது. சரியான நாற்காலி கிடைத்ததும் எழுதுகிறேன்.

ஊருக்கு உபதேசம் செய்கிறாயே, நீ நாள் முழுக்க உட்கார்ந்துதானே இருக்கிறாய்? மெஷினுக்கு மோட்டார் போட்ட பிறகு காலால் மிதிப்பதுகூட இல்லை. உன் சர்க்கரை என்ன என்று நான் கேட்டேனா?

பழுப்புப் பேண்டை அனுப்பியிருக்கிறேன். பின்பக்கம் கறை பட்டுவிட்டது, சலவைக்காரர் கையை விரித்துவிட்டார். நீ எதையாவது போட்டு எடுத்துவிடுவாய். எங்கே பட்டது என்று கேட்காதே, எங்கேயோ உட்கார்ந்தேன், பட்டுவிட்டது.

டிரைவர்


மார்ச் 19

உங்களுக்கு,

எங்கே பட்டது என்று நான் ஏன் கேட்கவேண்டும்? எனக்குத்தான் தெரியுமே.

போன மாதம் வீட்டுச் சொந்தக்காரர் நம் படிக்கட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார். யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய பச்சை, மருந்துக் கலர். மலிவாகக் கிடைத்ததாம். முதல் மாடி திரும்பும் இடம் வரைக்கும் அடித்ததும் டப்பா காலி, அதோடு நிறுத்திவிட்டார். அடித்த அன்றைக்குச் சுவர் காய்வதற்குள் பக்கத்து வீட்டம்மாவின் தோள்பையில் பட்டு, அவள் அந்த மனுஷனைக் கிழிகிழி என்று கிழித்தாள். அதே பச்சை உங்கள் பேண்டில் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே, ஒருவர் படியில் உட்கார்ந்து சுவரில் ஒருக்களித்துச் சாய்ந்தால் எங்கே படுமோ சரியாக அங்கே.

வந்திருக்கிறீர்கள். முதல் மாடி வரைக்கும் வந்திருக்கிறீர்கள். வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறீர்கள்.

அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர், காலையிலிருந்து மெஷினை விட்டு எழவில்லை. இரண்டு மாடி கீழே நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள் என்று இப்போது ஒரு பேண்ட் வந்து எனக்குச் சொல்கிறது. என் முகத்தைப் பார்க்க அவ்வளவு கசப்பா? அப்படியானால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். இப்படிப் பாதிப் படியில் வந்து திரும்பிப் போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கறையை எடுக்கவில்லை. எடுக்கிற எண்ணமும் இல்லை.


மார்ச் 25

என் தையல்காரிக்கு,

கசப்பு இல்லை. கால் வரவில்லை.

இளைத்திருப்பதை உனக்குக் காட்டத்தான் வந்தேன். புதுச் சட்டைகூடப் போட்டிருந்தேன். முதல் திருப்பம் வந்ததும் முட்டி மடங்கிவிட்டது. உட்கார்ந்தேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறலாம் என்றால் எழுந்திருக்கவே முடியவில்லை. மேலே உன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றதும் கூப்பிடலாம் என்று இருந்தேன். அது நிற்கவேயில்லை. ஓடும்போதும் ஒரு தடவை கூப்பிட்டேன். மெதுவாகத்தான் கூப்பிட்டேன், வெட்கம்.

அப்புறம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கி எப்படியோ எழுந்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்விட்டேன். எவ்வளவு பெரிய பஸ்ஸையெல்லாம் மேட்டில் ஏற்றியவன், சொந்த வீட்டுக்கு ஏற முடியவில்லை என்று யாரிடம் சொல்ல?

நாற்காலி எல்லாம் சரியான நாற்காலிதான். ஒன்றிலிருந்தும் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.


மார்ச் 31

என்னங்க,

கடிதத்தைப் படித்துவிட்டு உங்களைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், மெஷினுக்கு மோட்டார் விற்றவரையும் திட்டினேன். அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியட்டும்.

இப்போது கேளுங்கள். போன சதை இந்த வயதிலும் திரும்புமாம். மெதுவாகத்தான் திரும்பும், ஆனால் திரும்பும் என்று பிசியோதெரபி அம்மா அடித்துச் சொல்கிறாள். முதலில் இந்த மாதிரி பலவீனம் என்று உங்கள் டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். ரிசல்ட்டை மட்டும் நீட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்? ராத்திரி கொஞ்சமாவது சாப்பிடுங்கள். காலையில் முட்டை, மதியம் மீனோ பருப்போ. வெள்ளரிக்காயும் இருக்கட்டும், அது உங்களுக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. சாப்பிட்டதும் சோபாவில் விழாமல் தெருக்கோடி வரை நடங்கள். பஸ் சிரித்தால் சிரிக்கட்டும்.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சிக்கு, முதலில் கையை ஊன்றியே செய்யலாம். தம்பி பக்கத்தில் நிற்கட்டும். கடையில் ஆணி மூட்டை இருக்குமே, சின்னதாகப் பார்த்துத் தூக்கி வையுங்கள். அவனுக்கும் உதவியாக இருக்கும், தம்பி மனைவிக்கும் உங்கள் மேல் இருக்கிற வருத்தம் குறையும்.

என் சர்க்கரையைக் கேட்டீர்களே. போய்ப் பார்த்தேன். எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டேன், சின்ன வேலைகளை மிதித்துத்தான் தைக்கிறேன். அதெல்லாம் போதாது, ஏறி இறங்கு என்றாள் அந்த அம்மா. தினமும் கீழே போய் வருகிறேன். அந்தத் திருப்பம் வரும்போதெல்லாம் உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது.

உங்கள்,
டெய்லர்


ஜூன் 16

என் தையல்காரிக்கு,

எழுந்துவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு, தாழ்வான நாற்காலியிலிருந்து. தம்பி மனைவி கைதட்டினாள். ஒரு கிழவன் எழுந்து நின்றதற்குக் கைதட்டு வாங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டேன் பார்.

முட்டை, பருப்பு எல்லாம் ஒழுங்காகப் போகிறது. சர்க்கரை ஏறவில்லை, எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. அது நல்ல எடைதான் என்று டாக்டர் சொன்னார். ஆணி மூட்டை என் தயவில்தான் நகர்கிறது, தம்பி என்னைச் சம்பளமில்லாத ஆளாகவே வைத்துவிட்டான். மொட்டை மாடி வரை ஏறுகிறேன், நடுவில் ஒரு தடவை நின்று. உன் வீடு அதைவிட ஒரு மாடி அதிகம். ஏறிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? வரலாம் என்றால் பேண்டுகளை அனுப்பு. இரண்டாம் பார்சலையும் நீ திருப்பி அனுப்பவில்லை, எல்லாம் உன்னிடம் இருக்கின்றன, வெளியே போட்டுக்கொண்டு வர ஒன்றும் இல்லை.

டிரைவர்


ஜூன் 20

என்னங்க,

அனுப்ப மாட்டேன். தம்பியின் பேண்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வாருங்கள். பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள், வழியில் மானம் போக வேண்டாம்.

சொந்த வீட்டுக்கு வர அனுமதி கேட்டு ஒரு கடிதம், அதற்கு நான் ஒரு பதில். நமக்கு வேறு வேலை இல்லை. முதல் மாடித் திருப்பத்திலும் இரண்டாம் மாடியிலும் ஒவ்வொரு நாற்காலி போட்டிருக்கிறேன். வழியை அடைக்கிறது என்று வீட்டுச் சொந்தக்காரர் கத்தினார். முதலில் மிச்சச் சுவருக்குப் பெயிண்ட் அடியுங்கள், அப்புறம் நாற்காலியைப் பற்றிப் பேசலாம் என்றேன். போய்விட்டார். உட்கார்ந்து உட்கார்ந்து வாருங்கள், யாரும் உங்களுக்குப் பின்னால் இருந்து ஹாரன் அடிக்கப்போவதில்லை.

பேண்டில் தொடைப் பக்கம் பிடித்த துணியை நான் வெட்டவில்லை. மடித்து உள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறேன். வந்து நின்றால் அளந்து பார்த்துப் பிரித்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. கூப்பிட்டால் கேட்கும்.

உங்கள்,
டெய்லர்