மூன்றாம் தொட்டி மாப்பிள்ளை

ஜூன் 3

மூன்றாம் தொட்டியில் நாலே நாலு கொடுவா மீன்தான் மிச்சம். மூன்று பெண், ஒரு ஆண். அந்த ஒற்றை ஆணுக்கு, பண்ணையில் தீனி போடும் காத்தமுத்து அண்ணன் வைத்த பெயர் மாப்பிள்ளை.

மற்ற ஆண்களையெல்லாம் முதலாளி லத்தீப் நானாவின் மகள் கல்யாண விருந்தில் பொரித்துவிட்டார்கள். நான் அப்போது டைபாய்டில் கிடந்தேன். "பெருசெல்லாம் தாய்மீன், அதுல கை வைக்காதீங்க, சின்னதாப் பாத்து எடுங்க"ன்னு நானாவே பக்கத்தில் நின்று சொன்னாராம். என்ன அக்கறை! கொடுவாயில் சின்னதெல்லாம் ஆண். எல்லாமே ஆணாகத்தான் பருவத்துக்கு வரும். சில வருஷம் போய் உடம்பு பெருத்தபின் உள்ளே சுரப்பு மாறிப் பெண்ணாகிவிடும்.

மாப்பிள்ளையும் பெருத்துக்கொண்டுதான் இருக்கிறான். இந்த ஒரு சீசன் ஆணாகத் தாங்கினால் போதும். "இந்தத் தடவயும் குஞ்சு வரலேன்னா இறால் போட்டுடலாம்மா" என்று நானா சொல்லிவிட்டார். மீன்குஞ்சு எடுக்கும் நான் இறாலுக்கு எதற்கு?

ஜூன் 7

ஹஜ்ஜுப் பெருநாள். கறியைப் பங்கு பிரித்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சவூதி தம்மாமிலிருந்து இவர் வீடியோவில் வந்தார். பண்ணையை மூடினாலும் மூடுவார்கள் என்றேன். "நல்லதாப் போச்சு. தம்பி வீட்டு மாடியில போயி இரு ஷஃபீனா. நம்ம வீட்ட வாடகைக்கு விட்டுடலாம்" என்றார்.

நல்லதாப் போச்சாம்! மோட்டார் எரிந்தால் ஆள் பிடிப்பது நான். மாமி மௌத்தானபோது எல்லாம் நின்று பார்த்தது நான். இவர் அடக்கத்துக்குக்கூட வந்து சேரவில்லை. இந்த வீட்டை விட்டுட்டுக் கொழுந்தன் மாடியில போயி நான் என்னத்தப் பண்றது? — கேட்கவில்லை. "பாப்போம்"னு போனை வெச்சிட்டேன்.

ஜூன் 14

காய்ச்சல் மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

ஜூன் 23

அமாவாசை நெருங்குகிறது. தண்ணீரில் கிராம்பு எண்ணெய் விட்டு மீன்களை மயக்கினோம். கையெல்லாம் பிரியாணி வாசனை. மெல்லிய குழாய் விட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பெண்கள் மூன்றின் முட்டையும் தயார். ஆனால் தொட்டியில் அடைபட்ட மீன் தானாக முட்டையை விடாது. கடலில் இருந்தால் 'இப்போது விடு' என்று மூளையிலிருந்து ஒரு சுரப்பு வரும். இங்கே அது வருவதில்லை, அதனால் நாங்கள் அந்த ஹார்மோனை ஊசியில் போடுகிறோம்.

மாப்பிள்ளையின் வயிற்றை அழுத்தினேன். போன வருஷம் தொட்டாலே வெள்ளையாக விந்துப்பால் வந்தது. இன்று ஒரு சொட்டு இல்லை.

"பயந்துருக்கும் தங்கச்சி" என்றார் அண்ணன். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் ஆசை. அவனுக்கும் பாதி ஊசி போட்டேன்.

ஜூன் 25

கருக்கட்டிய முட்டை மிதக்கும். எல்லாம் அடியில் கிடந்தது.

ஜூன் 26

மாப்பிள்ளைக்கே குழாய் விட்டுப் பார்த்தேன். பொடிப்பொடியாக முட்டை. இன்னும் முற்றாத இளமுட்டை.

"அட, மாப்பிள்ள பொண்ணாயிட்டாரா!" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் தீவன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மீனுக்காக மட்டும் இல்லை.

நானாவிடம் உள்ளதைச் சொன்னேன். விருந்தில் போனதெல்லாம் ஆண் என்றதும் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "அடுத்த அமாவாசை வரைக்கும் பாரு. அதோட சரி" என்றார்.

ஜூலை 12

பட்டினச்சேரி மீனவர்களிடம் அண்ணன் சொல்லி வைத்திருந்தார். முகத்துவாரத்தில் தூண்டிலில் விழுந்த ஒரு கொடுவாயை உயிரோடு கொண்டுவந்தார்கள். "எல்லாரும் பெருசா கேப்பாங்க, இந்தம்மா சின்னதுதான் வேணுங்குது" என்று கிண்டல் வேறு. வயிற்றைத் தொட்டேன். பால் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இவருக்குக் குரல் செய்தி அனுப்பினேன். கேட்டுவிட்டார் என்று நீல டிக் காட்டுகிறது. பதில் இல்லை.

ஜூலை 22

முட்டை மறுபடி முற்றியிருக்கிறது. ஊசி போட்டாயிற்று.

ஜூலை 24

மிதக்குது! தொட்டி மேலெல்லாம் கண்ணாடிப் பொடி மாதிரி மிதக்குது! போனை எடுத்துவிட்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் காத்தமுத்து அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "சர்க்கரை கம்மி" என்றார்.

ஆகஸ்ட் 3

நானா வந்து குஞ்சுகளை வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இறாலெல்லாம் வேணாம். இனிமே பண்ணைய நீயே பொறுப்பா நடத்தும்மா. எதுக்கும் வீட்டு ஆம்பளகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனார்.

சரி நானா என்றேன். போன் கையில்தான் இருந்தது. மூன்றாம் தொட்டி ஓரமாக நின்றேன். மாப்பிள்ளை மேலே வந்தது, தீனி இல்லை என்றதும் போய்விட்டது. பெயரை மாற்ற வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வருஷம் அதுவும் முட்டையிடும்.

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனேன்.

"கேட்டுட்டேன் நானா. சம்மதம்."

பொய் ஒன்றும் இல்லை. என் வீட்டில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?