வைரஸ் எழுதிய வரி

ஜூலை 16, செவ்வாய்.

செம்பூர் ஆபீசில் ஒரு சான்றிதழ் கேட்டார்கள். அது தாராவி வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தூங்கும் கம்ப்யூட்டரை ஃபோனிலிருந்தே எழுப்பி, அதன் திரையைப் பார்த்து இயக்க போன வாரம்தான் வழி செய்துவைத்தேன். இன்று எழுப்ப வேண்டியிருக்கவில்லை. அது விழித்துத்தான் இருந்தது. தாராவியை இடித்துப் புது வீடு தருவதற்கான சர்வே படிவத்தை அண்ணன் இந்தியில் நிரப்பிக்கொண்டிருப்பது என் ஃபோன் திரையில் தெரிந்தது. குடும்ப உறுப்பினர் பட்டியலில் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். இருபது வருஷமாக ரேஷன் கார்டில் இருக்கும் பெயர்.

அழிந்த இடத்திலேயே ஃபோனிலிருந்து தட்டினேன்: "அண்ணே, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

திரை கறுத்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்துட்டுலே. தானா தமிழ் எழுத்தா வருது. வயரைப் புடுங்கிட்டேன். நீ படிச்சவம்லா, என்னன்னு பாரு." படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இங்கே இந்திப் பள்ளியில் பாதியில் நின்று, வேலைக்குப் போய், என்னை மட்டும் ஊருக்கு அனுப்பித் தமிழில் படிக்கவைத்தவர்.

"சரிண்ணே, அழிச்சிருதேன்" என்றேன்.