மகுடஞ்சாவடியைத் தாண்டும்போது

நாமக்கல்
11-2-2025

ஜெர்லினுக்கு,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை. உன் நம்பரை என் போனிலிருந்து எடுத்து வருஷங்கள் ஆகின்றன. இந்த முகவரியை நம்மோடு கல்லூரியில் படித்த உஷாராணியிடம் வாங்கினேன்.

நீ கதை எழுதிய ஜெர்மன் படம் தமிழ் பேசிக்கொண்டு எங்கள் வீட்டு டிவிக்கே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் உட்கார்ந்து பார்த்தோம். விதி சேர்த்து வைத்து விதியே பிரித்த காதல் என்று போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரப் பெண், வெள்ளைக்காரப் பையன், பனி, ரயில். நமக்கென்ன என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையன் சட்டையின் முன்பக்கத்துக்கு மட்டும் இஸ்திரி போட்டான். பிறகு, "நீ வந்து நில்லு போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றான். உன் அண்ணன் ஜெர்ரி என்னிடம் சொன்னதை யாரைக் கேட்டு அவன் வாயில் வைத்தாய்? உன்னைத் தோழி என்று நம்பிச் சொன்னது அது.

அதோடு விட்டாயா? கல்யாணத்தைப் பதிவு செய்யக் கிளம்பி வருகிறவனுக்கு அவள் போன் மேல் போன் போடுகிறாள். அவன் வண்டியை ஓட்டிக்கொண்டே எடுக்கிறான். லாரி வருகிறது. மீதிப் படம் முழுக்க அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளாமல் அதே பதிவு அலுவலக வாசலில் நிற்கிறாள். கடைசியில் 'என் அண்ணன் ஜெர்ரிக்கு' என்று எழுத்து.

என்னைக் கட்டிக்கொள்ளும் முன்பே சபரிநாதனிடம், ஒருவரை விரும்பினேன், விபத்தில் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறேன். பேர் உட்பட. அவர் டிவியை அணைத்துவிட்டு, "நீ போன் போட்டுத்தான் அந்தப் பையன் செத்தானா?" என்று கேட்டார். மாமியார் பக்கத்திலேயே இருந்தார். "இல்லீங்க" என்றேன். "அப்பறம் எதுக்கு அந்தப் புள்ள அப்படி எழுதோணும்?"

அதற்குப் பிறகு கோழிப்பண்ணையே கதி என்று இருக்கிறார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் 'ம்' என்கிறார், அவ்வளவுதான்.

அந்தக் காட்சியை எடுக்கச் சொல். பதிலை நான் வேலை பார்க்கும் தீவனப் பரிசோதனைக் கூடத்து முகவரிக்குப் போடு, வீட்டுக்கு வேண்டாம்.

தனப்பிரியா


கொலோன், ஜெர்மனி
27-2-2025

தனா,

எடுக்க முடியாது. முடிந்தாலும் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

அவன் உனக்குக் காதலன் ஆவதற்கு முன்னாலேயே எனக்கு அண்ணன். சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டுவிட்டு, "பின்னாடி யாருடி பாக்கப்போறா" என்று அவன் சொன்னது எங்கள் அம்மாபேட்டை வீட்டில், என்னிடம். அதற்கு உன்னிடம் நான் அனுமதி கேட்க வேண்டுமா?

அவனை அடக்கம் செய்த அன்று நீ வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நீ வருவாய் என்று கடைசி வரை எதிர்பார்த்தேன். அடுத்த வருஷம் ஆவணியில் உனக்குக் கல்யாணம். திருச்செங்கோட்டு மண்டபத்தில் நீ மாலையோடு சிரித்த போட்டோவை உஷாராணிதான் அனுப்பினாள். அம்மாவுக்குக் காட்டாமல் அழித்தேன். படத்தில் வருகிற பெண் காத்திருக்கிறாள் என்றால், நீ அப்படி இருப்பாய் என்று நான் நினைத்திருந்தேன், அதனால்தான்.

போன் விஷயத்தையும் பேசிவிடுவோம். நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால்தான் அவன் ஓட்டும்போது எடுத்தான் என்று அம்மா அன்றைக்கே சொன்னார்கள். இத்தனை வருஷமாக அதை நான் யாரிடமும் சொல்லி உன்னைக் குற்றவாளி ஆக்கவில்லை. படத்திலும் அதை விதி என்றுதான் எழுதினேன். என் பெருந்தன்மை என்று வைத்துக்கொள். உன் வீட்டுக்காரர் உன்னோடு பேசாததற்கு நான் பொறுப்பில்லை.

ஜெர்லின்


நாமக்கல்
15-3-2025

ஜெர்லினுக்கு,

உன் பெருந்தன்மையைப் படித்தேன்.

இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இனி எனக்கென்ன வந்தது?

அன்றைக்கு அவன் வண்டி ஓட்டும்போது நான் கூப்பிடவே இல்லை. சங்ககிரியில் பதிவு அலுவலகத்துக்கு எதிரில் நின்றிருந்தேன். மகுடஞ்சாவடியில் டீ குடிக்க நிறுத்தியவன் அவனாகத்தான் பேசினான். "அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, விடாம கூப்புடறாங்க தனா. எடுத்துப் பேசிச் சமாதானம் பண்ணிட்டே வந்துடறேன்" என்றான். வண்டி ஓட்டும்போது பேசாதே என்றேன். சிரித்தான். வெகுநேரம் கழித்து நான் கூப்பிட்டபோது மணி அடிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். "எங்கூடப் பேசிட்டு இருக்கும்போதே சத்தம் நின்னு போச்சும்மா. திரும்பி வந்துருடா, வந்துருடான்னு கெஞ்சிட்டே இருந்தேன்மா" என்று சொல்லி அழுதார்கள். உன் அப்பா ஆட்களோடு உள்ளே இருந்தார். நீ சென்னையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.

மறுநாள் அடக்கத்துக்கு வந்தேன் ஜெர்லின். என் ரங்கன் சித்தப்பா எங்கள் வீட்டுக்குத் தெரியாமல் கூட்டிவந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே உன் அம்மா மறித்தார்கள். "போன் பண்ணிப் பண்ணியே எம்புள்ளயக் கொன்னுட்டு, பாக்க வேற வந்தியா?" வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். நீ பெட்டியோடு முன்னாலேயே உள்ளே போயிருந்தாய். நான் வாயைத் திறந்திருந்தால் உன் அம்மாவை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பார்கள். திரும்பி நடந்தேன்.

அடுத்த வருஷம் கட்டிக்கொண்டேன்தான். சாப்பிட்டேன், தூங்கினேன், சிரிக்கவும் சிரித்தேன். நான் உயிரோடு இருந்ததற்கெல்லாம் உனக்குக் கணக்கு ஒப்பிக்க மாட்டேன்.

நம்பாவிட்டால் உன் அம்மாவையே கேள்.

தனப்பிரியா


கொலோன்
3-4-2025

தனா,

கேட்டேன்.

வீடியோவில் கூப்பிட்டு, "அன்னிக்கு அண்ணன்கிட்ட கடைசியாப் பேசினது யாரும்மா?" என்றேன். அம்மா போனைக் கட்டிலில் வைத்துவிட்டார்கள். மேலே ஃபேன் சுற்றுவது மட்டும் தெரிந்தது. அழுகைச் சத்தம் கேட்டது. அப்பா வந்து, "எதுக்கு ஜெர்லின் இப்ப இதெல்லாம்?" என்று துண்டித்துவிட்டார். அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

நீ சொன்னது உண்மை. உண்மை என்பதற்காக உன்னை மன்னிப்பேன் என்று நினைக்காதே. இத்தனை வருஷம் வாயை மூடி இருந்தவளுக்கு இன்னும் கொஞ்சம் இருக்க முடியாதா? உன் புருஷன் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்பதற்காக என் அம்மாவை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டாய். இப்போது அவர்களைக் கூப்பிட்டு எந்த முகத்தோடு பேசுவேன்? எதைக் கேட்பேன்?

படத்தை மாற்ற முடியாது. ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் அழுதுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கையை உதறிவிட்டு ஓடவேண்டும் போல இருக்கிறது.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஜெர்லின்


நாமக்கல்
26-4-2025

ஜெர்லினுக்கு,

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் உன் அம்மா இங்கே வந்தார்கள். உஷாராணியிடம் கேட்டுக்கொண்டு, தனியாக பஸ் ஏறி. நான் வேலை பார்க்கும் இடத்து வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருக்கிறார்கள்.

என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நானும் திருப்பிக் கொடுக்கத் தயாராகத்தான் போனேன். அவர்கள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "எங்கிட்ட அவன் ஒண்ணுமே பேசலம்மா. நாந்தான் பேசிட்டே இருந்தேன். உங்கிட்ட என்ன சொன்னான்? என் மேல கோவமா இருந்தானா?" என்று கேட்டார்கள். இதை ஒன்பது வருஷமாக யாரிடமும் கேட்க முடியாமல் இருந்திருக்கிறார்கள்.

"கோவமெல்லாம் இல்லீங்க. அம்மாவச் சமாதானம் பண்ணிடறேன்னு சிரிச்சுட்டேதானுங்க சொன்னாரு" என்றேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சபரிநாதன் யாரென்று கேட்டார். "ஜெர்ரியோட அம்மாங்க" என்றேன். எல்லாவற்றையும் உன் அம்மாவே அவரிடம் சொன்னார்கள். நான் சொல்லியிருந்தால் அப்படி நம்பியிருப்பாரோ என்னவோ. சாப்பிட வைத்து, அவரே காரில் அம்மாபேட்டை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வந்து, "நீ எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், பேசுகிறார்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. உன் படத்தில் அவள் இன்னும் போன் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். இனி எனக்கு எழுதாதே. வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

ஆனால் அன்றைக்கு ஃபேனைப் பார்த்த பிறகு நீ வீட்டுக்குக் கூப்பிடவே இல்லையாமே. "அவளும் என்ன விட்டுட்டா" என்று சாப்பிடும்போது சொன்னார்கள். கையில் சோற்றை வைத்துக்கொண்டு சொன்னார்கள். காலையில் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்தால் அப்புறம் வீட்டில்தான் இருப்பார்களாம். எதையும் கேட்காதே. கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்று மட்டும் பேசு.

தனப்பிரியா