அக்கரைக் கூடு தெரிய வேண்டும்

திருநகர்,
மதுரை.

அன்பு மகள் பவதாரிணிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அந்த ஊர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் அண்டாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனில் சொன்னால் பாதியிலேயே அந்தப் பழைய கேமரா லென்ஸைத் தூக்கிப் போடும்மா என்று சொல்லிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை படி.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் என் பிறந்த ஊர்க் கண்மாயில் கருவேல மரங்களை வெட்ட ஏலம் விட்டுவிட்டார்கள் என்று உன் நல்லகாமன் மாமா சொன்னது உனக்குத் தெரியும். அந்த மரங்களில்தான் சங்குவளை நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. வெட்டுவதைத் தள்ளிப்போடச் சொல்லி மாமாவும் நானும் ஏலம் விட்ட அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். கரையிலிருந்து நான் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அவர், "என்னம்மா, வெள்ளையா என்னமோ தெரியுது, பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தாக்கூட இப்பிடித்தான் இருக்கும்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பறவை வந்து உட்காருவது வேறு, குஞ்சு பொரிப்பது வேறு, குஞ்சு தெரிகிற மாதிரி படம் இருந்தால் கொண்டு வாருங்கள், திங்கட்கிழமை வெட்ட ஆள் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் மாமா, "விடு தாயி, நம்மளால ஆனது அம்புட்டுத்தான்" என்றார். எனக்கு விட மனசில்லை. கிட்டப் போய் எடுக்கவும் முடியாது, நடுவில் சேறும் தண்ணீரும், தாய்ப்பறவை மிரண்டு எழுந்துவிட்டால் குஞ்சு வெயிலில் வாடிப்போகும்.

நீ விட்டுப்போன கேமராவில், ஆரப்பாளையத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய நீள லென்ஸை மாட்டித்தான் எடுக்கிறேன். பக்கத்தில் இருப்பது பளிச்சென்று விழுகிறது, தூரத்தில் இருப்பது மட்டும் ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பினாலும் மங்கல்தான். நீ கண்ணைக் காட்டச் சொன்னாய், காட்டினேன், குறையில்லை. "உனக்குக் கை நடுங்குது" என்றார் அப்பா. சரியென்று மொட்டைமாடியில் ஸ்டாண்டில் நிறுத்தி, கை படாமல் டைமர் வைத்துத் திருப்பரங்குன்றம் மலையை எடுத்தேன், அப்போதும் மங்கல். முன்னால் இருந்த ஃபில்டர் கண்ணாடியைக் கழற்றினேன், மாற்றமில்லை. பிறகு லென்ஸையும் கேமராவையும் இணைக்கிற அடாப்டர் மேல் சந்தேகம் வந்தது, அது தடிமனாக இருந்தாலும் தூரம் தெளியாது என்று படித்திருந்தேன். கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த சின்ன லென்ஸை அதே அடாப்டரில் மாட்டிப் பார்த்தேன், மலை உச்சி வரை தெளிவு. அப்படியென்றால் கோளாறு நீள லென்ஸுக்குள்தானே. ரப்பர் பட்டையை மெதுவாக உரித்தால் அடியில் சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள், தலையெல்லாம் கீறல். யாரோ முன்பே கழற்றி, வளையத்தைக் கொஞ்சம் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். லென்ஸ் முழுசாக உள்ளே போவதற்கு முன்பே வளையம் முட்டி நின்றுவிடுகிறது.

"இருக்கிறதையும் கெடுத்துப்புடாத" என்று சொல்லிக்கொண்டே, ஸ்க்ரூ உருண்டு ஓடாமல் இருக்க அப்பா ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, வளையம் சும்மா நிற்க, கண்ணாடி பதித்த உள்குழலை மட்டும் திருப்பினேன். கேமராத் திரையில் பெரிதாக்கித் தொலைவில் இருக்கிற செல்போன் டவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் டவரின் கம்பிகள் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. அப்படியே பிடித்துக்கொண்டேன். எட்டாத் தொலைவுக்கு அடையாளமாக லென்ஸில் படுத்திருக்கிற எட்டு மாதிரி ஒரு குறி உண்டு, வளையத்தை அதற்கு நேராக வைத்து அப்பா முடுக்கினார். முடுக்கும்போது நகர்ந்துவிட்டது. ஏசிவிட்டேன் பாவம். மறுபடி முதலிலிருந்து செய்தோம், நின்றது.

வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேலே காற்று அலைந்து படம் நெளியும் என்பதால் மறுநாள் விடியும்போதே கண்மாய்க்கரையில் இருந்தோம். ஒரு கூட்டில் மூன்று குஞ்சுகள், இன்னும் மஞ்சள் ஏறாத அலகைத் திறந்துகொண்டு, தாய் கக்குகிற மீனுக்கு ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுகின்றன. மாமா கேமராவை வாங்கித் திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டு, "மாப்ள, கண்ணு முழிகூடத் தெரியுது பாருங்க" என்றார். அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினோம், அவரும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இத யாரும்மா எடுத்தது" என்றார். நான்தான் என்றேன். குஞ்சுகள் பறக்கும் வரை மரத்தில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஏலம் ரத்தாகவில்லை பவதாரிணி, அதையும் சொல்லிவிடுகிறேன். வைகாசிக்குப் பிறகு வெட்டத்தான் போகிறார்கள். அடுத்த வருஷம் வருகிற பறவைக்கு மரம் வேண்டுமே. நடுக்கண்மாய் மரங்களையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன், அதற்குள் ஒவ்வொரு கூட்டையும் எடுத்துவிட வேண்டும். வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருப்பேன்.

நீ எடுத்த காரியமெல்லாம் குறைவில்லாமல் முடியட்டும், மீனாட்சி துணை இருப்பாள். வேலை வேலையென்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஊருக்கு வரும்போது எனக்கு ஒரு தொப்பி வாங்கி வா, மண் நிறத்தில் இருக்கட்டும், வெள்ளையென்றால் நாரை மிரளும்.

உன் அம்மா,
பாண்டீஸ்வரி