நசீமாவின் குரலில் நூறு எண்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். எண்ணூர் ரோடு ஜாம், முக்கா மணி நேரம் வண்டி நகரல. கார் கண்ணாடி முழுக்க கரித்தூள்.

இன்னிக்கு வேலை: கேட் லைட் ரிப்பேர். வீட்டுக்காரி ஜெயாவுக்கு பிரஷர் மாத்திரை. பெங்களூர் ஷீல்டை எங்கயாவது ஒளிச்சு வைக்கணும்.

ஷீல்டு சனிக்கிழமை பெங்களூர் ஹெட் ஆபீஸ் மீட்டிங்ல குடுத்தது. நம்ம கண்டெய்னர் யார்டுல ஆளே இல்லாம லாரிக்கு டோக்கன் கூப்பிடற சிஸ்டம் போட்டதுக்கு. அந்த ஏசி ஹால்ல நசீமா குரலைப் போட்டுக் காமிச்சாங்க. "நாப்பத்தி ரெண்டு, ரெண்டாம் கேட்." ஒரே கைதட்டல். நானும் எழுந்து கும்பிட்டேன், வெட்கங்கெட்டவன். யார் குரல்னு ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல.

ஆறு வருஷம் யார்டு மாடி ரூம்ல மைக் முன்னாடி ஒக்காந்து டோக்கன் கூப்பிட்டவ நசீமா. டிரைவருங்க எல்லாம் அவளுக்கு மாமுதான். "மாமு, தூங்கிகினு கீறியா? வண்டிய எடு, பின்னால ஊரே நிக்குது!" மே மாசம் ஒரு மதியம், "மைக் டெஸ்ட், ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும், அப்புறம் கேட் பேரும் மரியாதையா படிம்மா"ன்னேன். எதுக்குன்னு சொல்லல. படிச்சு முடிச்சுட்டு, "தொண்ட காஞ்சி போச்சு சார், ஒரு ரோஸ் மில்க்காவது வாங்கிக் குடுங்க"ன்னா. வாங்கிக் குடுத்தேன். போன மாசம் வேலையை விட்டு எடுத்தேன்.

5, செவ்வாய்

தூறல். கால் மணி நேரம்கூட இல்ல.

அறுபத்தெட்டு படிக்கும்போது அவ லேசா சிரிச்சிருக்கா. ரெக்கார்டுலயும் அப்படியே இருக்கு. இன்னிக்கு ஒரு டிரைவர்: "அக்கா நல்ல மூட்ல கீது போல." மேல அவதான் இருக்கான்னு பாதிப் பேர் இன்னும் நெனச்சுகிட்டிருக்கான்.

11 மணிக்கு நசீமாகிட்டேருந்து வாய்ஸ் மெசேஜ். இருபது செகண்டு. கேக்கல. திட்டத்தான் அனுப்பியிருப்பா. திட்டட்டும், நியாயம்தான். ஆனா கேக்க தைரியம் இல்ல.

ஜெயா: "கேட்டாத்தான் என்ன, கடிச்சா திங்கப் போவுது?"

அவ வீடு யார்டு சுவருக்கு அந்தப் பக்கம், ரெண்டாவது தெரு. மைக் சத்தம் நல்லாவே கேக்கும். வேலையும் போயி, நாள் பூரா தன் குரலையே கேட்டுகிட்டு கெடக்கணுமா? என்ன மனுஷன் நான்.

6, புதன்

முடிவு பண்ணிட்டேன். சவுண்டு கம்பெனிக்கு போன். அந்தக் குரலைத் தூக்குங்க, வேற போடுங்க.

"பழைய ஃபைல் வெச்சுக்கட்டுமா சார்?"

"வேணாம். மொத்தமா அழிச்சிருங்க."

சாயந்தரமே முடிஞ்சுது. அப்பாடான்னு இருந்துச்சு. வர்ற வழியில ராயபுரத்துல சங்கரா மீன். மூணு வாரத்துல இன்னிக்குத்தான் ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கினேன்.

மெசேஜ்? நாளைக்கு.

7, வியாழன்

நல்ல வெயில். புதுக் குரல் ஆம்பள. "டோக்கன் எண் நாற்பத்தி இரண்டு, வாயில் இரண்டிற்கு வரவும்." டிரைவருங்க சிரிப்பு. "இன்னா மாமு, நியூஸ் வாசிக்கிறான்?"

மூணரைக்கு செக்யூரிட்டி வந்து, நசீமா அப்பா வந்திருக்கார்னான். காதர் பாய். ஹார்பர்ல வேலை பாத்து ரிடையர் ஆனவர். கையில ஃபிளாஸ்க்.

"சலாம் சார். பாப்பாவுக்கு தொண்ட கட்டிகிச்சா? காலைலேர்ந்து கொரலே காணோம், யாரோ ஆம்பள கூவிகினு கீறான். எட்டு மணிக்கு டிபன் டப்பா எட்த்துகினு நல்லாத்தான் போச்சு. பால்ல மெளகு, மஞ்சா போட்டு கொண்டாந்தேன்."

மூணு வாரமா தினம் டப்பா எடுத்துகிட்டு எங்க போறா?

"மேல வேலையா இருக்கா பாய்." அப்படித்தான் சொன்னேன். பொய்.

"பரவால்ல சார். அஞ்சரைக்கு எறங்கும்ல, இங்கியே ஒக்காந்துகினு கீறேன். சேந்தே வூட்டுக்குப் போய்க்கிறோம்." கேட் பெஞ்சுல ஒக்காந்துட்டார்.

கதவைச் சாத்திட்டு மெசேஜைப் போட்டேன்.

"சார், ஒரே ஒரு ஒதவி. மைக்ல என் கொரல மட்டும் எட்த்துடாதீங்க. வேலை போச்சுன்னு அப்பாவாண்ட இன்னும் சொல்லல, ஆர்ட் ஆப்ரேசன் ஆன மன்சன். வேற வேலை கெடைக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடிகினு இருக்கட்டும் சார்."

செவ்வாய்க்கிழமையே நான் இதைப் போட்டுக் கேட்டிருந்தா... பாவி நான்.

சவுண்டு கம்பெனிக்கு அடிச்சேன். "இல்ல சார், நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க." நசீமாவுக்கு நாலு தடவை அடிச்சேன். எடுக்கல.

5.10. ஜன்னல்ல தெரியறார். ஃபிளாஸ்க் மடியில. மைக் கூப்பிடற ஒவ்வொரு தடவையும் மாடியை நிமிந்து பாக்கறார்.

போய்ச் சொல்லணும். உங்க பொண்ணு மேல தப்பு இல்ல பாய், வேலையை விட்டு எடுத்தது நான், குரலை எடுத்ததும் நான்னு. மெதுவா, ஒக்கார வெச்சு. தண்ணி குடிச்சாச்சு. முகம் கழுவியாச்சு.

5.20. இன்னும் நாற்காலியிலதான் இருக்கேன்.