தோளில் இருந்த கை

முசஃபா,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தன்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே வளைகுடா வெயிலில் அப்பாவும் நானும் சௌக்கியம். நீ பெர்லின் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும், நிதானமாகப் படி. இதைப் போனில் அனுப்பப் பயமாக இருந்தது, அதனால்தான் உன் சிநேகிதி ஹிஃப்ஸா கையில் கொடுத்து விடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, சீனி கொட்டிய கரக் சாய் டீ மட்டும் குறையவில்லை, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

போன மாதம் நீ மியூசியத்தில் பார்த்த சர்வாதிகாரக் காலத்துப் போஸ்டர்களைப் படம் எடுத்து அனுப்பினாயே, மலிவு விலையில் ரேடியோ விற்று வீட்டுக்கு வீடு ஒரே குரலைக் கேட்கவைத்தார்கள் என்றும் எழுதியிருந்தாய். நான் பெரிய மேதாவி மாதிரி, சிவப்பு நன்றாக விழுந்திருக்கிறது, ஆனால் இந்தச் சிரித்த முகங்களை ஜனங்கள் எப்படித்தான் நம்பினார்களோ என்று பதில் போட்டேன். அதே வாரம் என் கம்ப்யூட்டரில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? எங்கள் பிரஸ்ஸுக்கு ஒரு வெளிநாட்டு அரசாங்கத்தின் ஆர்டர் வந்திருந்தது. எந்த நாடு என்று எழுத மாட்டேன். ஒரு வாலிபன் சிரிக்கும் போட்டோ, பின்னால் ஃபேக்டரி வைக்க வேண்டும், கழுத்து மாலையையும் தோளில் இருக்கும் யாரோ ஒருவர் கையையும் எடுத்துவிட வேண்டும். சுத்தமாக எடுத்தேன். மேனேஜர் சுரேஷ்குமார் பாராட்டக்கூடச் செய்தார்.

ஐயாயிரம் போஸ்டர் அடித்து முடிந்து கட்டிங் மெஷினுக்குப் போனது. அங்கே உஸைர் என்று ஒரு பையன், அந்த நாட்டுக்காரன், அதிகம் பேச மாட்டான், என்னைத் தீதீ, அதாவது அக்கா என்பான். மெஷினை நிறுத்திவிட்டு ஒரு ஷீட்டோடு என்னிடம் வந்தான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “‘தலைவரின் நிழலில் நான் சந்தோஷமாக இருக்கிறேன்’னு போட்டிருக்கு தீதீ. இது என் அண்ணன். மூணு வருஷமா ஜெயில்ல இருக்கான். பிடிக்க வந்தவங்க கல்யாண ஆல்பத்தையும் எடுத்துட்டுப் போனாங்க, அதுல இருந்த போட்டோதான் இது. இதுல அவன் தோள் மேல என் கை இருக்கும், அதைக் காணோமே” என்றான். நான்தான் அழித்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை தன்யா. அங்கே டி.வி.யிலும் செய்திக்கு முன்னால் இந்த முகம் வருகிறதாம். அவன் அம்மா அந்தச் செய்தியைப் பார்த்தாலே காறித் துப்புகிறவள், இப்போது மகன் முகத்துக்காகத் தினமும் நேரத்துக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறாளாம்.

சுரேஷ்குமாரிடம் போய் அனுப்பாதீர்கள் என்றேன். “மேடம், பேப்பரும் இங்க்கும்தான் நம்ம வேலை. உள்ள என்ன இருக்குன்னு பார்க்க ஆரம்பிச்சா கடையை மூடிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். கலாஸ், அவ்வளவுதான்” என்றார். மதியமே பெட்டிகள் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டன. வீட்டில் சொன்னால் உன் அப்பா, “வேலை போனா விசாவும் போச்சு, பேசாம இரு சுசீலா” என்கிறார். இருபது வருஷமாகப் பேசாமல்தானே இருக்கிறேன், என்னத்தைக் கண்டேன்?

மறுநாள் பழைய ஃபைலைத் திறந்து, மாலையும் கையும் இருந்தபடியே நல்ல பேப்பரில் ஒரே ஒரு பிரிண்ட் எடுத்து உஸைரிடம் கொடுத்தேன். அழித்தது நான்தான் என்றும் சொல்லிவிட்டேன். அவன் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. அதைப் போனில் தன் அம்மாவுக்கு அனுப்ப அவனால் முடியாது, அங்கே போலீஸ் போனைச் சோதிப்பார்களாம். ரூமில் ஒட்டவும் பயம், அங்கே அவன் நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், யார் எப்படியோ. லாக்கரில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறான்.

திங்கட்கிழமை அதே இடத்திலிருந்து அடுத்த ஆர்டர், பன்னிரண்டு முகங்கள். நான் செய்ய மாட்டேன் என்றேன். சுரேஷ்குமார் சண்டை போடவில்லை, புதிதாக வந்த சந்தியாவிடம் கொடுத்தார். கெட்டிக்காரி, மதியத்துக்குள் முடித்துவிட்டாள். நான் மறுத்து என்ன நின்றது, சொல். ஷீட்டுகள் வந்ததும் உஸைர் பன்னிரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒருவரையும் தெரியவில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு மெஷினை ஓடவிட்டான்.

நீயாவது எங்கேயும் குனியாமல் நன்றாக இரு கண்ணே, அம்மா ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஹிஃப்ஸாவிடம் பருப்புப்பொடி கொடுத்திருக்கிறேன், ஈரக் கரண்டி போடாதே. இந்த விஷயத்தை ஃபேஸ்புக்கிலோ எதிலோ எழுதிவிடாதே, அந்த நாட்டில் உஸைரின் அம்மா இருக்கிறாள்.

உன் அம்மா,
சுசீலா ஸ்ரீனிவாசன்