வைக்கோலில் போட்ட முதல்

தியாகராய நகர்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஜெயபாரதிக்கு,

வெள்ளைத்துரை எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். நீயும் ஹம்சினியும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பதை வீடியோவில் பார்க்கத்தான் செய்கிறேன். ஆனாலும் எழுத்தில் ஒரு தடவை கேட்டால்தான் எனக்குத் திருப்தி. பேரன் நேற்று கொட்டாவி விட்டானே, அது அப்படியே உன் அப்பாவுடையது. கல்லாவில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுவாரே, அதே கொட்டாவி.

மாப்பிள்ளையின் சிநேகிதன் ஸ்ரீநாத் மெல்போர்னுக்குத் திரும்புகிறான். அவன் கையில் பழைய மல்வேட்டியைக் கிழித்துத் தைத்த துணிகளும் இரண்டு காட்டன் சேலையும் கொடுத்தனுப்புகிறேன். மருந்துப் பொடி வைக்கவில்லை. அங்கே கஸ்டம்ஸில் பொடி எதைப் பார்த்தாலும் பிடித்து வைத்துக்கொள்வார்களாம். இந்தக் கடிதத்தைச் சேலை மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். மீனம்பாக்கத்தில் நீ உள்ளே போகும்போது, "கம்பெனி சமாசாரம் எதுவா இருந்தாலும் போன்ல வேண்டாம். அங்க எல்லாரும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாங்க. எழுதி அனுப்புங்க" என்றாய். அதற்குப் பிறகு நான் எழுதவில்லை, நீயும் கேட்கவில்லை.

நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற ஆள். அந்தச் சிரமம் வேண்டாம். நீ முதல் போட்ட ஃபிசாவின் கேஸ் கம்பெனி பிழைத்துவிட்டது. அடுப்பு எரிகிறது. இனி நிதானமாகப் படி.

நீ கிளம்பிப்போன கார்த்திகையில் கல்யாணங்கள் குவிந்திருந்தன. மயிலாப்பூரில் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் ஜலஜா மாமி இன்னும் இரண்டு மண்டபத்துக்கும் சிலிண்டரில் அடைத்த கேஸ் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஃபிசாவும் ஒப்புக்கொண்டுவிட்டாள். ஆனால் அந்த மழையில் மதுராந்தகம் பக்கத்து வைக்கோல் முழுக்க நனைந்து அழுகிக் கிடந்தது. அதை ஈடுகட்ட காய்கறிச் சந்தைக் கழிவை வாங்கி வாங்கி, வைக்கோலைக் கேஸாக்கும் தொட்டிக்குள் தள்ளியிருக்கிறார்கள். தொட்டி புளித்துப்போய்விட்டது. மார்கழி பிறக்கும்போது கேஸ் நின்றுவிட்டது.

இங்கே எனக்கு முதலில் வந்து சேர்ந்தது வதந்திதான். பெருங்குடியில் அவர்கள் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது, அந்தப் பெண் போனை எடுப்பதில்லை, முதல் போட்டவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று உஸ்மான் ரோடு முழுக்கப் பேச்சு. சக்திவேலுக்குக் கேட்க வேண்டுமா? என் தம்பியானாலும் சொல்கிறேன், அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது. நம் ஜவுளிக்கடையில் வேலையாட்கள் முன்னாலேயே, "மதினி அவுக அப்பா வீட்டுப் பங்கைச் சாணித் தண்ணியில கரைச்சிட்டாங்க அண்ணே" என்று சிரித்தான். நீ முதல் போட்ட புதிதில் சாப்பாட்டு மேஜையில் அவன் இதையே வேறு மாதிரி சொன்னபோது நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனது நினைவுக்கு வந்தது. இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை. "அது அவ முதல். அதைப் பத்திப் பேச உனக்கு என்ன இருக்கு?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

ஆனால் உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் ஃபிசாவின் அப்பா குலாம் முகம்மது பாய் கடைக்கு வந்தார். நம் பிளவுஸ்களுக்கு ஆரி வேலை செய்து கொடுக்க வருவது போல உற்சாகமாக வரவில்லை. கையில் ஒரு பையும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு, "அண்ணாச்சி, என் பொண்ணு ஓடிப்போறவ இல்ல. ஊர்ல பேசுறதைக் கேட்டு மசூதிக்குப் போகவே கூச்சமா இருக்கு. ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்" என்றார். அவர் கண்ணைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. வேன் ஒன்றைப் பேசி இருவரும் கிளம்பினோம்.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் தொட்டி இருக்கிற அந்த இடத்தை நீ பார்த்திருக்கிறாய், நான் பார்த்ததில்லை. மழைச் சேற்றில் வேன் சிக்கிக்கொண்டது. இறங்கி நடந்தோம். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். வேன் டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா நைனா, அடுப்பெரிக்கிற கேஸ் இதுக்குள்ள கீதுன்றியா? மன்ஷன் உள்ள நிக்கவே முடியலயே!" என்றான். ஃபிசா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தொட்டி மேல் நின்றாள். பெருங்குடி ஆபீஸைப் பூட்டிவிட்டு நாலைந்து ஆட்களோடு அங்கேயே தங்கிவிட்டாளாம். போன், கலக்குகிற குழிக்குள் விழுந்து போய்விட்டது. வேறு வாங்க மதுராந்தகம் வரை போகக்கூட நேரமில்லையாம். மகளைப் பார்த்ததும் பாய் அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். அதற்குப் பதில் தோளில் இருந்த துண்டை எடுத்து அவள் முகத்தில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தார்.

அவள் எனக்கு விளக்கினாள். "நம்ம வயிறு மாதிரிதான் அங்கிள். உள்ள இருக்கிற கிருமிங்கதான் வைக்கோலைத் தின்னு கேஸ் ஆக்குது. ஆசைப்பட்டு நிறைய ஊட்டிட்டேன், செரிக்கல. இப்ப பட்டினி போடணும். பாதியை வெளிய எடுத்துட்டு, நல்லா ஓடுற வேற தொட்டியிலிருந்து கரைசல் கொண்டுவந்து ஊத்தணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் தேறும்" என்றாள். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். "தை பொறக்கறதுக்குள்ள தேறிடும்னு நம்புறேன். சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள். சத்தியம் பண்ணியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

முதல் போட்டவர்கள் கூட்டம் அடுத்த நாள். உன் சார்பாகக் கையெழுத்துப் போடும் உரிமையை எனக்குத்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாய். வேனில் திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் முதலாக இருந்தால் வந்த வரைக்கும் போதும் என்று எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். அது உன் முதல். உன்னிடம் கேட்கலாம் என்றால், அன்றைக்குத்தான் ஹம்சினியைப் பிரசவத்துக்கு உள்ளே கொண்டு போயிருந்தார்கள்.

கூட்டம் அடையாறில் சாய்நாத் வீட்டு மாடியில் நடந்தது. இந்த மாதிரிச் சின்னக் கம்பெனிகளுக்கு முதல் திரட்டித் தருகிறாரே, அதே சாய்நாத். தன்மையான மனிதர்தான். கம்பெனியை மூடிவிடலாம், மெஷினையெல்லாம் வாங்கிக்கொள்ள ஈரோட்டில் ஆள் தயாராக இருக்கிறார், கிடைத்ததைப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஃபிசா ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கெஞ்சவில்லை. என்னிடம் மட்டும், "ஜெயாம்மா இருந்தா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும் அங்கிள். ஆனா அதுக்காக நீங்க அதையே சொல்ல வேண்டாம்" என்றாள்.

எனக்குக் கிருமியும் தெரியாது, கேஸும் தெரியாது. வியாபாரம் தெரியும். எழுந்து ஒன்றே ஒன்று கேட்டேன். "வாங்குறவங்க யாரு? கல்யாணச் சமையல்காரங்க. இது என்ன மாசம்? மார்கழி. மார்கழியில எவன் வீட்ல கல்யாணம்? என் கடையில முகூர்த்தப் பட்டு செக்‌ஷன்ல இப்ப ஈ ஓட்டுறாங்க. அதுக்காக நான் கடையை விக்கிறேனா? தொட்டி கெட்டது கெட்டுச்சு, கேக்க ஆள் இல்லாத மாசத்துல கெட்டிருக்கு. தை முதல் முகூர்த்தம் வரைக்கும் பொறுப்போம். அதுக்குள்ள தேறலன்னா நானே ஈரோட்டுக்காரருக்குப் போன் பண்றேன்" என்றேன். சாய்நாத், "இது எனக்குத் தோணவே இல்ல அண்ணாச்சி" என்றார். ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். நான் கீழே இறங்கி வந்தேன். தெருமுனையில் நின்று ஒரு கரும்புச் சாறு குடித்தேன். அப்போதுதான் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது, பையன் பிறந்திருக்கிறான், இருவரும் நலம் என்று. நான் அழுததற்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்றைத்தான் உங்களிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு மார்கழி எப்படிப் போனது என்று கேட்காதே. சனிக்கிழமை தோறும் நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை. அர்ச்சனைக்குக் கோத்திரம் கேட்டபோது தொட்டிக்கு ஏது கோத்திரம் என்று யோசித்துவிட்டு உன் பெயரைச் சொன்னேன். ஃபிசா புதுப் போன் வாங்கிய நாளிலிருந்து தினமும் ஒரு செய்தி அனுப்புவாள். பற்ற வைத்தால் அணைந்துவிடுகிறது. கொஞ்சம் நின்று எரிந்து அணைகிறது. பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு படம் மட்டும் அனுப்பினாள், எழுத்து எதுவும் இல்லை. அடுப்பில் நீலமாக நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சக்திவேலிடம் காட்டாமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முகூர்த்தம் ஆகட்டும் என்று இருந்தேன்.

ஜலஜா மாமியும் கறாராகத்தான் சொல்லியிருந்தார். "மொத முகூர்த்தத்துக்கு அடுப்பு நடுவுல அணைஞ்சா நான் பழைய ஏஜென்சி சிலிண்டருக்கே போயிடுவேன். பொண்ணாத்துக்காராளுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாராம். முகூர்த்தத்தன்று அழைப்பு இல்லாமலே மயிலாப்பூர் மண்டபத்துக்குப் போய்விட்டேன். நேராகச் சமையல்கட்டு. பாயும் ஃபிசாவும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். மூன்று பேரும் சுவரோரமாக நின்றோம். இட்லி வெந்தது, சாம்பார் கொதித்தது, பாயசத்துக்கான பெரிய உருளியை ஏற்றினார்கள். தீ கொஞ்சமும் சுருங்கவில்லை. பந்தி முடிந்து மாப்பிள்ளை வீட்டாரே எழுந்துவிட்டார்கள். மாமி எங்களைப் பார்த்து, "பாயசமே ஆறிப்போயிண்டிருக்கு, நீங்க மூணு பேரும் இன்னும் எதைப் பார்த்துண்டு நிக்கறேள்? வந்து இலையில உக்காருங்கோ" என்றார். என் கையைப் பிடித்த பாய் சாப்பிட உட்காரும் வரை விடவில்லை. ஃபிசா இலையைப் பார்த்துக்கொண்டே அழுதாள். பரிமாறுகிறவன் காரம் அதிகமோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

இப்போது அறுவடை தொடங்கியிருக்கிறது. வயலிலேயே கொளுத்திவிடுகிற வைக்கோலைக் கட்டுக்கட்டாக டிராக்டரில் கொண்டுவந்து இறக்குகிறார்களாம். இந்தத் தடவை நனையாமல் இருக்கக் கூரை போட்டிருக்கிறாள். அளவுக்கு மேல் ஊட்டுவதில்லை என்று மண்டபக்காரர்கள் இரண்டு பேருக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். அந்த "இல்லை"யைக் கேட்டபோதுதான் எனக்கு முழு நிம்மதி வந்தது.

சக்திவேல் நேற்று மெதுவாக வந்து, "அண்ணே, அந்தக் கம்பெனியில இன்னும் பங்கு எதுவும் கிடைக்குமா?" என்றான். மதினியைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மதினி கோபமாக இருக்கிறார்களா என்று கேட்டான். நானும் அதைத்தான் தெரிந்துகொள்ள நினைக்கிறேன் என்றேன். போனில் அவனே உன்னிடம் பேசுவான். அவன் பேசி முடிக்கட்டும், நடுவில் "பரவாயில்லை" என்று சொல்லிவிடாதே.

வீட்டில் வேறு விசேஷம் இல்லை. மிக்ஸி ரிப்பேராகிக் கிடக்கிறது, சரி பண்ணவில்லை. சட்னி அரைக்க ஆள் இல்லாத வீட்டில் மிக்ஸி எதற்கு? மொட்டைமாடி முருங்கைத் தொட்டியில் புதிதாகத் துளிர்த்திருக்கிறது. பெருமாள் கோவிலுக்குப் போனால் பூக்காரம்மா உன்னைக் கேட்கிறாள். வெளிநாட்டில் இருக்கிறாள், வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எப்போது என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது தொட்டி கட்டலாமா என்று சித்திரையில் ஒரு கூட்டம் வைக்கிறார்கள். சாய்நாத் என்னைக் கூப்பிட்டார். எனக்கு அதில் அபிப்பிராயம் கிடையாது, ஜெயபாரதிக்குத்தான் உண்டு, அவள் நேரில் வந்து சொல்வாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதுதான். ஹம்சினிக்கு உடம்பு தேறும் வரை இரு, அவசரமில்லை. சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பேரன் தீர்க்காயுசாக, நல்ல செரிமானத்தோடு வளரட்டும். அவனை நீ முதல் தடவை என் கையில் கொடுக்கும்போது நம் வீட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். முடியுமா என்று பார்.

என்றும் உன்,
வெள்ளைத்துரை